தோல் தொழிற்சாலையும் மென்பொருளும்: உள்ளே என்ன இருக்கிறது?

ஆம்பூர் என்றதும் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது பிரியாணி. அடுத்தது தோல் ஷூ. மென்பொருள் பாதுகாப்பு யாருக்கும் நினைவுக்கு வராது. ஆனால் இன்று கணினித் துறையில் பெரிதாகப் பேசப்படும் ஒரு வேலையை, வேறொரு வடிவத்தில், வேலூர் - ஆம்பூர் வட்டாரத்துத் தோல் தொழில் 1990-களிலேயே செய்ய வேண்டி வந்தது. அந்த வேலை இதுதான்: நாம் செய்யும் பொருளுக்குள் பிறர் செய்த என்னென்ன பொருட்கள் கலந்திருக்கின்றன, அவற்றில் எது ஆபத்தானது என்று தேடிப் பார்ப்பது.

மென்பொருளில் இதைச் சார்பு நிரல்களை அலசுவது என்கிறார்கள். தோலில் இதற்குத் தனிப் பெயர் எதுவும் கிடையாது. "டெஸ்ட் ரிப்போர்ட் வந்ததா?" என்று கேட்பார்கள், அவ்வளவுதான். இரண்டு வரலாறுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே மாதிரியான தவறுகளும் ஒரே மாதிரியான பாடங்களும் கண்ணில் படுகின்றன.

ஆவாரம் பட்டைக் காலம்

பழைய காலத்தில் தமிழ்நாட்டில் தோல் பதனிட அதிகப் பொருட்கள் தேவைப்படவில்லை. உப்பு, சுண்ணாம்பு, ஆவாரம் பட்டை, கடுக்காய், கொஞ்சம் எண்ணெய். இப்படிப் பட்டையில் பதனிட்ட தோல் "ஈஸ்ட் இந்தியா" தோல் என்ற பெயரில் சென்னைத் துறைமுகம் வழியாக வெளிநாடு போனது. அங்கே அதற்குச் சாயம் ஏற்றி, மெருகேற்றி, செருப்பாகவும் பையாகவும் ஆக்கினார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டால் பதனிடுபவரே விரல் விட்டு எண்ணிச் சொல்லிவிடலாம். பட்டை எந்த ஊரிலிருந்து வந்தது என்றுகூடச் சொல்லிவிடலாம்.

இந்த நிலை 1970-களில் மாறியது. சீதாராமையா குழுவின் பரிந்துரையை ஒட்டி 1973-இல் மத்திய அரசு கச்சாத் தோல் ஏற்றுமதியைத் தடுத்தது. பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கும் வரம்பு விதித்தது. முழுதாக முடித்த தோலையும் செருப்பு, ஷூ, பை போன்ற பொருட்களையும் இங்கேயே செய்து அனுப்ப வேண்டும், வேலையும் லாபமும் இங்கேயே தங்க வேண்டும் என்பது நோக்கம். நோக்கம் நிறைவேறவும் செய்தது. ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் ஷூ கம்பெனிகள் பெருகின. கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் தையல் பிரிவுகளில் வேலைக்கு வந்தார்கள்.

இதற்கு ஒரு விலையும் இருந்தது. முழுதாக முடித்த தோலுக்குப் பட்டையும் கடுக்காயும் போதாது. குரோமியம் உப்பு, சாயங்கள், தோலை மென்மையாக்கும் எண்ணெய்க் கலவைகள், பூஞ்சை பிடிக்காமல் காக்கும் மருந்துகள், மேல்பூச்சுகள் எல்லாம் வேண்டும். குரோம் முறையில் ஏறக்குறைய 170 வகை ரசாயனங்கள் பயன்படுகின்றன என்று பின்னாளில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே பதிவானது. விரல் விட்டு எண்ணிய இடத்தில் 170! இவற்றில் பெரும்பாலானவை டேனரிக்காரர் தாமே செய்தவை அல்ல. வியாபாரியிடம் டிரம்மாகவும் மூட்டையாகவும் வாங்கியவை. மேலே ஒரு வணிகப் பெயர் இருக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்பது தயாரித்தவருக்கு மட்டுமே தெரியும்.

1989 டிசம்பர்

அப்போது இந்தியத் தோலை அதிகமாக வாங்கிய நாடுகளில் மேற்கு ஜெர்மனியும் ஒன்று. அந்த நாடு 1989 டிசம்பரில் பென்டாகுளோரோபீனால் என்ற ரசாயனத்தைத் தடை செய்தது. சுருக்கமாக பி.சி.பி. பூஞ்சையையும் பூச்சியையும் கொல்லும் மருந்து அது. மரத்துக்குப் பூசுவார்கள். ஈரத்தோல் பூஞ்சை பிடிக்காமல் இருக்கவும் போடுவார்கள். ஜெர்மனியில் வீட்டு மரச்சாமான்களுக்கு இதைப் பூசியதால் வந்த உடல்நலக் கேடுகள் பல ஆண்டுகளாகப் பெரும் சர்ச்சையாக இருந்தன. அதன் முடிவில் வந்த சட்டம் இது. ஒரு கிலோ பொருளில் 5 மில்லிகிராமுக்கு மேல் பி.சி.பி. இருந்தால் அந்தப் பொருளை விற்கக் கூடாது. தோலுக்கும் இது பொருந்தும்.

ஒரு கிலோவில் 5 மில்லிகிராம் என்றால் பத்து லட்சத்தில் ஐந்து பங்கு. கண்ணால் தெரியாது. மூக்காலும் தெரியாது. தலைமுறை தலைமுறையாகத் தோலைத் தொட்டுப் பார்த்தே தரம் சொன்ன கைகளுக்கு இது புதிய சோதனை.

முதல் கேள்வி "எங்கள் தோலில் அது இருக்கிறதா?" என்பதுதான். பல பேருக்குப் பதில் தெரியவில்லை என்பதில் வியப்பில்லை. பி.சி.பி. என்று எழுதிய டிரம்மை வாங்கியவருக்குத் தெரியும். வேறு பெயரில் வந்த மருந்துக்குள் அது கலந்திருந்தால்? பாதி பதனிட்ட தோலை வேறொரு ஊரிலிருந்து வாங்கியிருந்தால், அங்கே என்ன போட்டார்கள்? முன்பு அந்த மருந்து போட்ட மர டிரம்மிலேயே புதிய தோலைச் சுற்றினால் மிச்சம் ஒட்டாதா? தான் ஒரு சொட்டுக்கூடப் போடாத டேனரியின் தோலிலும் அது இருக்க வழி இருந்தது.

இங்கேதான் சென்னை அடையாற்றில் 1948-இல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தின் (சி.எல்.ஆர்.ஐ.) பங்கு வருகிறது. நுண்ணிய அளவில் ரசாயனங்களைக் கண்டறியும் சோதனைகளைச் செய்வது, மாற்று மருந்துகளைச் சொல்வது, டேனரிகளுக்கு வழிகாட்டுவது ஆகிய வேலைகளை அது செய்தது. 1990-களின் தொடக்கத்தில் இந்திய அரசும் பி.சி.பி.யைத் தடை செய்தது. அதுதான் வேரில் கைவைத்த நடவடிக்கை. ஒவ்வொரு தோலையும் சோதிப்பதைவிட அந்த மருந்து கடைக்கே வராமல் செய்வது எளிது.

பெயரில் இல்லாத விஷம்

பி.சி.பி. விவகாரம் அடங்குவதற்குள் அடுத்தது வந்தது. 1994 ஜூலையில் ஜெர்மனி சில வகை அசோ சாயங்களைத் தடை செய்தது. இது பி.சி.பி.யைவிடச் சிக்கலானது. ஏனென்றால் இங்கே தடை செய்யப்பட்டது சாயத்தின் பெயர் அல்ல, சாயம் உடைந்தால் வெளிவரும் பொருள்!

அசோ சாயங்களின் மூலக்கூறில் இரண்டு நைட்ரஜன் அணுக்கள் ஒரு பாலம் போல நிற்கும். உடலுக்குள் அந்தப் பாலம் அறுந்தால் அமீன்கள் எனப்படும் துண்டுகள் வெளிவரும். பல அமீன்களால் ஆபத்தில்லை. ஆனால் பென்சிடின் போன்ற சில அமீன்கள் சிறுநீர்ப்பையில் புற்றுநோய் உண்டாக்குபவை. சாயத் தொழிலாளர்களிடம் இது வெகு காலம் முன்பே அறியப்பட்டது. ஆகவே ஜெர்மன் சட்டம் 20 அமீன்களைப் பட்டியலிட்டது. இவற்றில் எதையும் வெளிவிடக்கூடிய சாயம் கூடாது என்றது.

சாய மூட்டையின் மேல் "பிரவுன்" என்றும் ஒரு எண்ணும் எழுதியிருக்கும். அதைப் படித்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. பரிசோதனைக் கூடத்தில் தோல் துண்டைச் சோடியம் டைதயோனைட் கரைசலில் இட்டு, பாலத்தை வேண்டுமென்றே அறுத்து, வெளிவரும் துண்டுகளைப் பிரித்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அதாவது சாயத்தைப் பார்த்தால் போதாது. சாயம் எதனால் ஆனது என்று இன்னொரு படி கீழே இறங்க வேண்டும்.

இந்தியா ஏற்கனவே பென்சிடின் அடிப்படையிலான 42 சாயங்களைத் தடை செய்திருந்தது. 1997 மார்ச்சில் மேலும் 70 அசோ சாயங்களைச் சேர்த்தது. மொத்தம் 112. ஐரோப்பிய ஒன்றியம் 2002-இல் ஜெர்மனியின் வழியைப் பின்பற்றித் தன் உறுப்பு நாடுகள் அனைத்துக்கும் இதைச் சட்டமாக்கியது.

இனி மென்பொருளுக்கு வருவோம்

மென்பொருளிலும் ஓர் ஆவாரம் பட்டைக் காலம் இருந்தது. ஒரு நிரலை எழுதியவர் அதன் பெரும் பகுதியைத் தாமே எழுதினார். இன்று அப்படி இல்லை. தேதியைக் காட்ட ஒரு லைப்ரரி, படத்தைச் சுருக்க ஒரு லைப்ரரி, பாஸ்வேர்டு சரிபார்க்க ஒரு லைப்ரரி என்று பிறர் எழுதியதை எடுத்துச் சேர்க்கிறோம். இவைதான் சார்பு நிரல்கள். செமஸ்டர் ப்ராஜெக்டுக்கு ஐந்து லைப்ரரி சேர்த்த மாணவர், தன் போல்டரைத் திறந்து பார்த்தால் நூற்றுக்கணக்கில் இருப்பதைக் காண்பார். அந்த ஐந்தும் வேறு சிலவற்றைச் சார்ந்தவை, அவை இன்னும் சிலவற்றை. டேனரியில் 170 டிரம் வந்து சேர்ந்தது போலத்தான்.

இவற்றில் எதிலாவது பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அதற்கு ஓர் எண் கொடுக்கப்படுகிறது. சி.வி.இ. எனப்படும் இந்தப் பொதுப் பட்டியலை அமெரிக்காவின் மைட்டர் நிறுவனம் 1999-இல் தொடங்கியது. நம் நிரலில் உள்ள லைப்ரரிகளின் பெயரையும் பதிப்பு எண்ணையும் இந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் அலசல். அடிப்படையில் இரண்டு பட்டியல்களை ஒப்பிடும் வேலை, அவ்வளவே.

இதைக் கூட்டமாகச் செய்தால் என்ன தெரியும்? உலகெங்கும் நிரலாளர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்ஹப் தளம் 2017 நவம்பரில் இதைச் செய்தது. ரூபி, ஜாவாஸ்கிரிப்ட் என்ற இரண்டு மொழிகளின் நிரல்களை மட்டும் எடுத்துக்கொண்டது. 5 லட்சத்துக்கும் மேற்பட்ட களஞ்சியங்களில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட ஓட்டைகள் அகப்பட்டன! எச்சரிக்கை போன சில வாரங்களில் சுமார் 4.5 லட்சம் சரிசெய்யப்பட்டன. மற்றவை? பல நிரல்களை எழுதியவர்களே மறந்துபோயிருக்கலாம்.

2021 டிசம்பரில் வந்தது லாக்4ஜே. ஜாவா மொழியில் எழுதப்பட்ட நிரல்கள் தங்கள் நடவடிக்கைகளைக் குறித்து வைக்கப் பயன்படுத்தும் லைப்ரரி அது. ஒரு வருகைப் பதிவேடு என்று சொல்லலாம். அந்தப் பதிவேட்டில் ஒரு குறிப்பிட்ட வடிவில் ஒரு வரி விழுந்தால், அது வெளியிலிருந்து ஒரு நிரலை இறக்கி ஓடவிட்டுவிடும் என்று தெரியவந்தது. பதிவேட்டில் பெயர் எழுதியவன் கையில் வீட்டுச் சாவியே போன மாதிரி.

கூகிள் ஆய்வாளர்கள் ஜாவாவின் பொதுக் களஞ்சியத்தை அலசிப் பார்த்தபோது அந்த லைப்ரரியைச் சார்ந்திருந்த தொகுப்புகள் 17,000-ஐத் தாண்டின. அவற்றில் பெரும்பாலானவை அதை நேரடியாகச் சேர்க்கவில்லை. தாங்கள் சேர்த்த ஒன்று சேர்த்த இன்னொன்றின் வழியாக வந்திருந்தது. சாயத்துக்குள் அமீன் இருந்தது போல!

மூன்று பாடங்கள்

ஒன்று: கருவிக்கு முன்னால் கணக்கு வேண்டும். லாக்4ஜே செய்தி வந்த வாரத்தில் பல நிறுவனங்கள் தடுமாறியது ஓட்டையை அடைக்கத் தெரியாமல் அல்ல. திருத்திய பதிப்பு சீக்கிரமே வந்துவிட்டது. தங்களிடம் அந்த லைப்ரரி எங்கெங்கே இருக்கிறது என்பதுதான் தெரியவில்லை. ஒவ்வொரு மென்பொருளுக்கும் உட்பொருள் பட்டியல் வேண்டும் என்ற பேச்சு இதனால்தான் வலுத்தது. 2021 மே மாதத்தில் அமெரிக்க அதிபரின் ஆணை ஒன்று அரசுக்கு விற்கும் மென்பொருட்களுக்கு இதை வலியுறுத்தியிருந்தது. இந்தியாவில் சர்ட்-இன் அமைப்பு 2024 அக்டோபரில் இதற்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. பங்குச் சந்தை நிறுவனங்களுக்கு செபி அதே ஆண்டு ஆகஸ்டில் வகுத்த விதிகளிலும் இது இடம்பெற்றது.

தோல் தொழிலும் இதே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தது. முடிந்த ஷூவை வெட்டிச் சோதிப்பதோடு நிற்காமல், தொழிற்சாலை வாசலுக்குள் வரும் ரசாயனங்களையே பட்டியலிடச் சொன்னார்கள். 2011-இல் பெரிய ஆடை, காலணி நிறுவனங்கள் சேர்ந்து தொடங்கிய இசட்.டி.எச்.சி. என்ற கூட்டமைப்பு 2014-இல் இப்படி ஒரு பட்டியலை வெளியிட்டது. பொருளில் எது இருக்கக் கூடாது என்பதோடு, செய்யும்போதே எதைப் பயன்படுத்தக் கூடாது என்பதையும் அது சொன்னது.

இரண்டு: சோதனையில் தேறியது என்பது பாதுகாப்பானது என்று பொருளாகாது. அமெரிக்காவில் மக்களின் கடன் விவரங்களைச் சேமிக்கும் எக்விஃபாக்ஸ் நிறுவனம் 2017-இல் சுமார் 14.7 கோடிப் பேரின் விவரங்களைப் பறிகொடுத்தது. காரணம் ஸ்ட்ரட்ஸ் என்ற லைப்ரரியின் ஓட்டை. திருத்தம் 2017 மார்ச் 7 அன்றே வெளிவந்துவிட்டது. மார்ச் 15 அன்று நிறுவனம் அலசிப் பார்க்கவும் செய்தது. அந்த அலசலில் எதுவும் சிக்கவில்லை! மே மாதத்தில் திருடர்கள் அதே ஓட்டை வழியாக உள்ளே போனார்கள். ஒரு கட்டுத் தோலில் ஒரு மூலையை மட்டும் வெட்டிச் சோதனைக்கு அனுப்பினால் என்ன ஆகுமோ அதுதான் ஆனது.

மூன்று: ஒருமுறை பார்த்தால் போதாது. குரோமியத்தில் இரண்டு வகை முக்கியம். பதனிடப் பயன்படுவது மூன்றிணைதிற குரோமியம். அதனால் பெரிய ஆபத்தில்லை. ஆறிணைதிற குரோமியம் தோல் அழற்சியும் புற்றுநோயும் தரக்கூடியது. ஆம்பூரில் சோதித்தபோது சுத்தமாக இருந்த தோலில், வெப்பத்தாலும் வெளிச்சத்தாலும் உள்ளே இருக்கும் சில எண்ணெய்களாலும் பிறகு ஆறிணைதிற குரோமியம் உண்டாகலாம். 2015 மே முதல் ஐரோப்பிய ஒன்றியம் இதற்குக் கிலோவுக்கு 3 மில்லிகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறது. மென்பொருளில் எழுத்துகள் மாறுவதில்லை, நமது அறிவுதான் மாறுகிறது. லாக்4ஜே ஓட்டை 2013-லிருந்து அங்கேயே இருந்தது. எட்டு ஆண்டுகள் எந்த அலசலிலும் அது வரவில்லை, ஏனென்றால் பட்டியலில் அது இல்லை.

பட்டியலில் இல்லாத ஆறு

இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் ஆம்பூர் வட்டாரத்தின் பெரிய துயரமும் இருக்கிறது.

ஜெர்மனியின் பட்டியல் யாரைக் காப்பாற்ற எழுதப்பட்டது? ஜெர்மனியில் ஷூ போடுபவரை. அதில் தவறொன்றும் இல்லை. தன் மக்களைக் காப்பது ஓர் அரசின் கடமை. ஆனால் தோல் சோதனையில் தேறிக் கப்பலேறிய அதே ஆண்டுகளில், அதைக் கழுவிய தண்ணீர் பாலாற்றில் போய்க்கொண்டிருந்தது. ஒரு கிலோ தோலை முடிக்க ஏறக்குறைய 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று நீதிமன்ற ஆவணம் சொல்கிறது. அந்தத் தண்ணீரில் உப்பும் குரோமியமும் என்ன அளவில் இருக்கின்றன என்று வாங்குபவர் யாரும் டெஸ்ட் ரிப்போர்ட் கேட்கவில்லை.

கேட்டது வேலூர் குடிமக்கள் நல மன்றம். 1991-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. தோல் தொழில் வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுதுமோ பயிரிடத் தகுதியற்றதாகிவிட்டது என்ற கணக்கு அதில் இருக்கிறது. கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும், கேடு வரும் முன்பே தடுக்க வேண்டும் என்ற இரண்டு கோட்பாடுகளும் இந்திய நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. ஐந்து மாவட்டங்களின் டேனரிகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம். கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் இயங்கக் கூடாது என்ற கட்டளை. இன்றும் சுற்றுச்சூழல் சட்டம் படிக்கும் மாணவர்கள் எல்லோரும் இந்த வழக்கைப் படிக்கிறார்கள்.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் உடைந்தது. பக்கத்தில் உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். சுத்திகரிக்க வேண்டும் என்பது பட்டியலில் ஏறிவிட்டது, தொட்டியின் சுவரை யார் பார்ப்பது? 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் பாலாற்று மாசு பற்றி மீண்டும் ஒரு தீர்ப்பு சொல்ல வேண்டியிருந்தது. ஈடு முழுதாகப் போய்ச் சேர வேண்டும், ஆறு மீட்கப்பட வேண்டும் என்று. முதல் தீர்ப்பு வந்து 28 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அலசல் என்பது பட்டியலில் உள்ளதை மட்டும் தேடும். பட்டியலை எழுதுபவர் யாரைப் பற்றிக் கவலைப்படுகிறாரோ அவர்தான் காப்பாற்றப்படுவார். இது மென்பொருளுக்கும் பொருந்தும். பல நிறுவனங்களில் இன்று அலசல் செய்வது வாடிக்கையாளர் சான்றிதழ் கேட்கிறார் என்பதற்காக. ரிப்போர்ட்டில் சிவப்பு இல்லாமல் இருந்தால் சரி, வேலை முடிந்தது. அந்த லைப்ரரியைச் சம்பளமில்லாமல் இரவு கண்விழித்துப் பராமரிப்பவர் யார், அவருக்குக் களைப்பு வந்தால் என்ன ஆகும் என்ற கேள்வி எந்த ரிப்போர்ட்டிலும் வருவதில்லை. 2024 மார்ச்சில் எக்ஸ்.இசட் என்ற சிறிய லைப்ரரியில் இதுதான் நடந்தது. களைத்துப்போயிருந்த ஒரே பராமரிப்பாளரின் நம்பிக்கையை இரண்டு ஆண்டுகள் பொறுமையாகச் சம்பாதித்து, ஒருவர் உள்ளே வந்து கள்ளக் கதவு வைத்தார். அதைக் கண்டுபிடித்தது எந்த அலசல் கருவியும் அல்ல. கணினிக்குள் நுழைய அரை நொடி அதிகமாகிறதே என்று சந்தேகப்பட்ட ஒரு பொறியாளர்!

ஆகவே அலசல் வேண்டாம் என்பதல்ல. பி.சி.பி. சோதனை இல்லாவிட்டால் பி.சி.பி. இன்னும் தோலில் இருந்திருக்கும். 2015-இல் உலக நாடுகள் ஸ்டாக்ஹோம் ஒப்பந்தத்தில் அதையும் சேர்த்து ஒழிக்க முடிவு செய்ததற்குப் பின்னால் இப்படிப்பட்ட பல நாட்டுச் சோதனைகள் இருக்கின்றன. பட்டியல் போடுங்கள், ஒப்பிடுங்கள், திரும்பத் திரும்பப் பாருங்கள். கூடவே இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தப் பட்டியலில் யார் விட்டுப்போயிருக்கிறார்கள்?

பாலாற்றங்கரைக் கிணறுகளில் உப்புத் தண்ணீர் இறைத்தவர்கள் அந்தக் கேள்வியை 1991-இலேயே கேட்டார்கள். அவர்களிடம் பரிசோதனைக் கூடம் இல்லை. வாயில் வைத்துப் பார்த்தே கண்டுபிடித்தார்கள்.